மைதானம், மதில், புல்டோசர்: அவசரநிலை ஊரை என்ன செய்கிறது?

அவசரநிலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை மிசா, பத்திரிகைத் தணிக்கை, நள்ளிரவுக் கைது. எல்லாம் உண்மைதான். ஆனால் அப்போது தெருவுக்கும் வீட்டுக்கும் என்ன நடந்தது என்று கேட்டால், பேச்சு ஒரு புல்டோசர் கதையோடு நின்றுவிடும். இன்னொரு பக்கம், நகரமைப்பு பற்றிக் கொஞ்சம் படித்த சிலர் எந்த அகலச் சாலையைப் பார்த்தாலும் "இது ராணுவம் வருவதற்காகப் போட்டது" என்று முடித்துவிடுவார்கள். இரண்டு பேச்சிலும் பாதி விஷயம் விட்டுப்போகிறது. கட்டடம், சாலை, மைதானம் இவற்றுக்கும் அரசியல் அவசரநிலைக்கும் என்ன தொடர்பு என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது அவசரநிலை, எது இல்லை

டீக்கடையில் "144 போட்டுட்டாங்க, எமர்ஜென்சி மாதிரி இருக்கு" என்பார்கள். 144 என்பது மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியில் கூட்டம் கூடுவதைச் சில நாட்களுக்குத் தடுக்கும் உத்தரவு. 2024 ஜூலை முதல் அந்தப் பிரிவின் எண்ணே 163 ஆகிவிட்டது. மக்கள் வாயில் மட்டும் இன்னும் 144. ஊரடங்கு அதைவிடக் கடுமையானது, வீட்டை விட்டே வெளியே வரக் கூடாது. மாநில அரசைக் கலைத்துவிட்டு மத்திய அரசு நேரடியாக ஆள்வது குடியரசுத் தலைவர் ஆட்சி. அது அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவு.

அவசரநிலை இவற்றிலிருந்து வேறானது. நாட்டுக்கு ஆபத்து என்று அறிவித்து, சாதாரண நாட்களில் அரசைக் கட்டுப்படுத்தும் விதிகளை அரசே நிறுத்தி வைப்பதுதான் அவசரநிலை. இந்தியாவில் அதற்கு 352-ஆவது பிரிவு. 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டது இதன்கீழ்தான். 1977 மார்ச் 21 வரை, 21 மாதம் அது நீடித்தது.

அப்படி அறிவித்ததும் அன்றைய சட்டப்படி 19-ஆவது பிரிவின் சுதந்திரங்கள் பயனற்றுப் போயின. பேச்சுரிமை போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதே பிரிவில் இன்னும் மூன்று உரிமைகள் இருக்கின்றன: ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது, நாடெங்கும் போய்வருவது, விரும்பிய இடத்தில் குடியிருப்பது. மூன்றும் இடம் சம்பந்தப்பட்டவை. கூடுவதற்கு மைதானம் வேண்டும், போவதற்குச் சாலை வேண்டும், இருப்பதற்கு வீடு வேண்டும். இரண்டு நாள் கழித்து, ஜூன் 27 அன்று வந்த உத்தரவு வேறு சில உரிமைகளுக்காக நீதிமன்றம் போகும் வழியையும் அடைத்தது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமையும் அதில் அடக்கம்.

மொட்டை மாடிப் பூட்டு

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தண்ணீர்த் தொட்டி மூடியை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லிச் செயலாளர் மொட்டை மாடிக் கதவைப் பூட்டுகிறார். வடாம் காயப்போட முடியாது, பிள்ளைகள் பட்டம் விட முடியாது, மாலையில் நாலு பேர் கூடி அசோசியேஷன் கணக்கைப் பற்றிப் பேசவும் முடியாது. மூடி மாற்றியாகிவிட்டது, பூட்டு அப்படியே இருக்கிறது. அப்புறம் ஒருநாள், மூன்று வருடம் முன்பே யாரோ ஆட்சேபித்து நின்றுபோன செல்போன் கோபுரம் அங்கே முளைக்கிறது. ஆட்சேபம் சொன்னவர் இப்போது மாடிக்கே போக முடியாதே!

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. "கொஞ்ச நாளைக்கு" என்ற அறிவிப்பு காகிதத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. பூட்டு கதவில் இருக்கிறது, அதற்குத் தேதி கிடையாது. கோபுரமோ புதிய யோசனை அல்ல. காகிதத்தில் கிடந்த பழைய திட்டம் தடை நீங்கியதும் எழுந்து நிற்கிறது. நாடு அளவில் நடப்பதும் இந்த மூன்றும்தான்.

முதல் இரவு: ஒரே சாலையில் அச்சகங்கள்

டெல்லியில் பல நாளிதழ்களின் அலுவலகமும் அச்சகமும் பகதூர் ஷா ஜாபர் மார்க் என்ற ஒரே சாலையில் வரிசையாக இருந்தன, பெரும்பாலும் இன்றும் இருக்கின்றன. 1975 ஜூன் 25 மாலை ராம்லீலா மைதானத்தில், அரசை எதிர்த்த இயக்கத்தின் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணின் பெரும் கூட்டம் நடந்தது. அவரை அன்றிரவே கைது செய்தார்கள். அதே இரவில் அந்தச் சாலைக்கு மின்சாரம் நின்றது. தணிக்கை அதிகாரியை நியமித்து அவர் வேலையைத் தொடங்க நேரமாகும். மின்சாரத்தை நிறுத்தினால் காலையில் பேப்பர் வராது, அவ்வளவுதான். கன்னாட் பிளேஸ் பக்கம் இருந்த ஸ்டேட்ஸ்மனும் இந்துஸ்தான் டைம்ஸும் புது தில்லி நகராட்சியின் மின் இணைப்பில் இருந்ததால் அந்த வெட்டில் தப்பின.

அச்சகங்களை ஒரே இடத்தில் அமைத்தவர்கள் சர்வாதிகாரத்துக்குத் திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. நிலம் ஒதுக்கியபோது வசதிக்காக ஒரே சாலையில் ஒதுக்கினார்கள். ஆனால் ஊரின் அமைப்பில் இப்படி ஒரு சுவிட்ச் இருந்தால், அவசரநிலை முதலில் அதைத்தான் தேடிப்போகிறது.

துர்க்மான் கேட்: ஒருவர் ஆசையா, பழைய வரைபடமா?

பழைய டெல்லியின் தெற்கு ஓரத்தில் நிற்கும் வாசல் துர்க்மான் கேட். முகலாயர் கால மதிலின் மிச்சம். 1976 ஏப்ரல் 13 அன்று அதை ஒட்டிய பகுதிக்குப் புல்டோசர்கள் வந்தன. முதலில் இடிந்தது டெல்லி வளர்ச்சி ஆணையமே அமைத்திருந்த ஒரு தற்காலிகக் குடியிருப்பு. அதோடு நிற்காமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கல் வீடுகள் பக்கம் வண்டி திரும்பியது. ஏப்ரல் 19 அன்று மக்கள் மறித்தார்கள், போலீஸ் சுட்டது, பலர் இறந்தார்கள். தணிக்கை இருந்ததால் நாளிதழ்களில் அது உரிய செய்தியாக வரவே இல்லை. ஒரு சின்னத் திருத்தம்: இடிந்தது வாசல் என்று பலர் எழுதுகிறார்கள். வாசல் இன்றும் நிற்கிறது. போனது அதைச் சுற்றியிருந்த வீடுகள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அங்கிருந்து ஜாமா மசூதி தெரியவேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி ஆசைப்பட்டார் என்பது. அவர் பங்கு சிறியதல்ல. அரசுப் பதவி எதுவும் இல்லாத ஒருவரின் சொல்லுக்கு அதிகாரிகள் ஓடினார்கள் என்பது பின்னால் அவசரநிலை அத்துமீறல்களை ஆராய்ந்த ஷா ஆணைய விசாரணையில் விரிவாகவே வெளிவந்தது. ஆனாலும் கதையை அங்கேயே நிறுத்தினால் ஒரு கெட்ட மனிதர், ஒரு கெட்ட ஆசை என்று முடிந்துவிடும். எனக்கு அதில் திருப்தி இல்லை.

காரணம், அந்தப் பகுதியை வெட்டித் திறக்கும் எண்ணம் வெள்ளைக்காரன் காலத்தது. 1930களில் டெல்லி மேம்பாட்டு அறக்கட்டளை டெல்லி கேட்டுக்கும் அஜ்மீரி கேட்டுக்கும் நடுவே குடிசை அகற்றும் திட்டம் ஒன்றைப் போட்டிருந்தது. இன்றைய ஆசஃப் அலி சாலை அந்தத் திட்டத்தின் வழியில் வந்ததுதான். 1956-இல் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. மதிலுக்குள் இருந்த பழைய நகரம் முழுவதும் அதன்கீழ் குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1962-இல் டெல்லியின் பெருந்திட்டம் வந்தது. பெருந்திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், என்பது ஊரின் எந்தத் துண்டு நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது சாலைக்கு என்று இருபது வருடத்துக்கு முன்கூட்டியே வரைந்துவைக்கும் சட்டபூர்வ வரைபடம். ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய அமெரிக்க வல்லுநர்களும் அதில் உதவினார்கள். அந்த வரைபடத்தின் கண்ணுக்குப் பழைய டெல்லி நெரிசலும் நோயும் நிறைந்த இடம், ஆட்களைக் குறைத்தே ஆகவேண்டும்.

சரி, பிறகு ஏன் அத்தனை ஆண்டுகள் செய்யவில்லை? நோட்டீஸ் கொடுத்தால் மக்கள் பதில் கொடுத்தார்கள், நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள், கவுன்சிலரைப் போய்ப் பார்த்தார்கள், பத்திரிகை எழுதியது, தேர்தல் வந்தது. திட்டம் நகரவில்லை. இந்த இழுபறியைத் திட்டமிடுபவர்கள் தாமதம் என்பார்கள். அங்கே குடியிருந்தவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

அவசரநிலை அந்த இழுபறியை நீக்கியது. எதிர்த்துப் பேசும் தலைவர்கள் சிறையில், பத்திரிகை தணிக்கையில், தேர்தல் தள்ளிவைப்பு, அதிகாரிகளுக்கு வேலை பயம். 1973 முதல் 1975 ஜூன் வரை டெல்லியில் சுமார் 1,800 கட்டுமானங்கள் இடிக்கப்பட்டன. அவசரநிலைக் காலத்தில் 1,50,105. இது ஷா ஆணையம் தந்த கணக்கு. வரைபடம் அதேதான், டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் துணைத்தலைவர் ஜக்மோகனும் அவசரநிலைக்கு முன்பிருந்தே பொறுப்பில் இருந்தவர்தான். மாறியது வேகம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: அவசரநிலை ஊருக்குப் புதிய வரைபடம் எதையும் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் வரைபடத்துக்கு "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய வாய்களை மூடுகிறது. ஆகவே "அவசரநிலைக் கட்டடக்கலை" என்று தனியாக ஒரு பாணியைத் தேடிப் போகவேண்டியதில்லை.

25 சதுர கெஜம்

வீடு போனவர்கள் எங்கே போனார்கள்? லாரிகளில் ஏற்றி ஊரின் ஓரங்களுக்குக் கொண்டுபோனார்கள்: திரிலோக்புரி, நந்த் நகரி, கல்யாண்புரி, ஜஹாங்கீர்புரி, மங்கோல்புரி. இவற்றுக்கு மறுகுடியமர்வுக் காலனிகள் என்று பெயர். இடம்பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் 25 சதுர கெஜ மனை, நம் கணக்கில் 225 சதுர அடி. ஒரு கார் நிறுத்தி, பக்கத்தில் இரண்டு பைக் நிறுத்தினால் தீர்ந்துபோகும். அதிலும் பல இடங்களில் கிடைத்தது சுண்ணாம்புக் கோடு போட்ட வெறும் தரைதான். வீட்டை அவர்களே கட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பேருந்து எல்லாம் பிறகு, மெதுவாக. பழைய டெல்லியில் ஜரிகை வேலையோ கூலி வேலையோ செய்தவருக்கு வேலையிடம் பல மைல் தள்ளிப் போனது.

கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சான்றிதழ் இருந்தால் மனை கிடைப்பது சுலபம் என்ற நிலையும் அப்போது வந்தது. சில இடங்களில் அது சுலபம் என்பதைத் தாண்டி நிபந்தனையாகவே ஆனது. நாம் நிலக் கொள்கையையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் அவசரநிலையின் இரண்டு தனி அத்தியாயங்களாகப் படிக்கிறோம். மனைக்காக வரிசையில் நின்றவருக்கு இரண்டும் ஒரே கவுன்ட்டரில் நடந்தவை.

அகலச் சாலை எல்லாம் ராணுவத்துக்கா?

இந்தச் சந்தேகத்தின் ஊற்று பாரிஸ். 1853 முதல் 1870 வரை அந்நகரின் நிர்வாகியாக இருந்த ஓஸ்மான் பழைய சந்துகளை வெட்டி நேரான பெருஞ்சாலைகள் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பாரிஸ் மக்கள் பலமுறை சந்துகளில் கல்லையும் வண்டியையும் குவித்துத் தடுப்பரண் எழுப்பி அரசை எதிர்த்திருந்தார்கள். அந்தக் கலகப் பேட்டைகளைச் சாலை போட்டு ஊடுருவ வேண்டும் என்ற எண்ணம் ஓஸ்மானுக்கு இருந்தது, அவரே அதை மறைக்கவில்லை. ஆனால் அதே சாலைகளுக்கு அடியில் சாக்கடை ஓடியது, குடிநீர்க் குழாய் ஓடியது. மேலே ரயில் நிலையங்கள் இணைந்தன. இரண்டு பக்கமும் நிலத்தின் விலை ஏறியது. ஒரே ஒரு காரணத்துக்காக இவ்வளவு பணத்தை யாரும் போடமாட்டார்கள்.

அத்தனை அகலப்படுத்தியும் 1871-இல் பாரிஸ் கம்யூன், அதாவது நகர மக்களே ஆட்சியைக் கையில் எடுத்த கிளர்ச்சி, எழுந்தபோது அதே பெருஞ்சாலைகளின் முனைகளில் பிரம்மாண்டமான தடுப்பரண்கள் எழும்பின. ராணுவம் நேராக மோதுவதைவிடப் பக்கத்துத் தெருக்கள் வழியாகவும், வீட்டுச் சுவர்களை உள்ளுக்குள்ளேயே உடைத்துக்கொண்டும் சுற்றிவந்து அவற்றைப் பிடித்தது. ஆக, சாலையின் அகலம் மட்டுமே யார் ஜெயிப்பது என்பதைத் தீர்மானிப்பதில்லை. நம் ஊர் நூறடிச் சாலைகளைப் பார்த்துச் சதி பேசுபவர்கள் முதலில் நகராட்சியின் குழாய் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது.

மனாமா: இடத்தையே இல்லாமல் செய்வது

இது எதிர்முனை உதாரணம். இங்கே பழைய திட்டம் எதுவும் காத்திருக்கவில்லை, இடமே குற்றவாளி ஆனது. பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் முத்து ரவுண்டானா என்று ஓர் இடம். வளைகுடா நாடுகளின் மாநாட்டுக்காக 1982-இல் எழுப்பிய சின்னம்: பாய்மரம் போல ஆறு வளைந்த தூண்கள், உச்சியில் ஒரு முத்து. ரவுண்டானா என்பது வாகனம் சுற்றிப் போகும் இடம், யாரும் கூடுவதற்குக் கட்டியதல்ல. 2011 பிப்ரவரியில் போராட்டக்காரர்கள் அங்கே கூடாரம் போட்டதும் அது பொதுவெளி ஆகிவிட்டது. பொதுவெளி என்றால், முன்பின் தெரியாதவர்கள் யாரையும் கேட்காமல் கூடி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூடிய இடம்.

மார்ச் 15 அன்று அவசரநிலை அறிவிப்பு. மறுநாள் கூடாரங்கள் அகற்றம். 18-ஆம் தேதி சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். இடிபாடு விழுந்து கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். ரவுண்டானாவை நீக்கிவிட்டு சிக்னல் சந்திப்பாக மாற்றி வேறு பெயர் வைத்தார்கள். அந்தச் சின்னம் பதித்த 500 ஃபில்ஸ் நாணயத்தைக்கூடப் புழக்கத்திலிருந்து எடுத்தார்கள். அவசரநிலை ஜூன் 1 அன்று முடிந்தது. ரவுண்டானா திரும்பவில்லை. சட்டத்துக்குக் காலாவதி உண்டு, சிமென்ட்டுக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நடுவில் வள்ளுவர் கோட்டம்

அவசரநிலையில் இடிப்பது மட்டும் நடக்கவில்லை, திறப்பு விழாவும் நடந்தது. சென்னை வள்ளுவர் கோட்டம் கருணாநிதி ஆட்சியில், கணபதி ஸ்தபதியின் கையில் எழுந்தது. கட்டி முடிக்கும் தறுவாயில், 1976 ஜனவரி 31 அன்று, ஆட்சி கலைக்கப்பட்டது. அந்த ஏப்ரலில், துர்க்மான் கேட் வீடுகள் இடிந்த அதே மாதத்தில், கோட்டத்தைத் திறந்துவைத்தவர் அவசரநிலைக்குக் கையெழுத்திட்ட அதே பக்ருதீன் அலி அகமது. கட்டவைத்த கருணாநிதி விழாவில் இல்லை. 1989-இல் கருணாநிதி மீண்டும் முதல்வரானபோது பதவியேற்றது அங்கேதான். இன்று அதே கோட்டத்துக்கு வெளியே உள்ள சாலையோரம், சென்னையில் ஆர்ப்பாட்டம் செய்யக் காவல்துறை அனுமதிக்கும் இடங்களில் ஒன்று. மெரினாவில் கூட்டம் கூட முடியாது, இங்கே முடியும், அதுவும் முன்கூட்டி அனுமதி வாங்கினால். இதற்கு எந்த அவசரநிலையும் தேவைப்படவில்லை. சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888-ஆம் ஆண்டையது. எங்கே கூடலாம் என்ற கேள்வி சாதாரண நாட்களிலும் திறந்தே இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முடிந்த பிறகு

1978-இல் 44-ஆவது திருத்தம் வந்தது. "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணத்தை எடுத்துவிட்டு "ஆயுதக் கிளர்ச்சி" என்று வைத்தார்கள்; உயிருக்கான உரிமையை இனி எந்த அவசரநிலையிலும் நிறுத்த முடியாது என்றும் எழுதினார்கள். சட்டத்தில் விழுந்த ஓட்டையைச் சட்டத்தால் அடைக்க முடிந்தது. ஆனால் திரிலோக்புரிக்குப் போனவர்களைத் துர்க்மான் கேட்டுக்குத் திருப்பி அழைக்க எந்தத் திருத்தமும் வரவில்லை. டெல்லியின் ஏழைகள் எங்கே இருப்பார்கள், எவ்வளவு தூரம் பஸ் ஏறி வேலைக்குப் போவார்கள் என்பதை அந்த 21 மாதங்கள் பெருமளவு முடிவுசெய்துவிட்டன.

இலங்கையில் இது இன்னும் நீளமாகப் போகிறது. யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கில் பலாலி விமானத் தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றிய ஊர்களிலிருந்து 1990-இல் மக்கள் வெளியேறினார்கள். அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. உயர் பாதுகாப்பு வலயம் என்பது படைமுகாமைச் சுற்றிப் பொதுமக்கள் நுழையக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட பெரும் நிலப்பரப்பு. அதற்குள் வீடு, தோட்டம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் மாட்டிக்கொண்டன. போர் 2009-இல் முடிந்தது. அவசரகாலச் சட்டம் 2011 ஆகஸ்ட் இறுதியில் காலாவதி ஆனது. வேலி அசையவில்லை. 2013-இல் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் அரசு கையகப்படுத்துவதாக அறிவிப்பு வந்தது, இந்த முறை சாதாரண காணி எடுத்தற் சட்டத்தின்கீழ். அவசரநிலையில் பிடித்த இடத்தை அவசரநிலை இல்லாமலே வைத்துக்கொள்ளும் வழி அது. பிறகு 2015 முதல் துண்டு துண்டாகச் சில காணிகள் விடுவிக்கப்பட்டன.

வயாவிளானிலிருந்து பலாலி போகும் சாலை 2025 ஏப்ரலில் திறந்தது, 34 ஆண்டுகளுக்குப் பிறகு. திறந்தபோது வைத்த நிபந்தனைகள் இவை: காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும். நடந்து போகக் கூடாது. வழியில் வண்டியை நிறுத்தவோ திருப்பவோ கூடாது. படம் எடுக்கக் கூடாது. அன்று இலங்கையில் அவசரநிலை எதுவும் நடைமுறையில் இல்லை.